மேப்பிள் தோப்பில் மெயின் குழாயைக் கம்பியில் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு ஒன்டாரியோவில் ஒரு மேப்பிள் தோப்பில் பல வருடங்களாகக் குழாய் வேலை செய்கிறேன். இந்தப் பக்கம் நிலம் வாங்கிய தமிழர்கள் சிலர், நிலத்தோடு சேர்ந்து வந்த மேப்பிள் மரங்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். முதல் வருடம் சாறு பிடிக்க மரத்தில் வாளி தொங்கவிடுவார்கள். பனியில் வாளி சுமந்து அலுத்த பிறகு குழாய்க்கு மாறுவார்கள். அப்போது எல்லாரும் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள்: மெயின் குழாயைத் தாங்குகம்பியில் கட்டும் இடத்தில். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், காட்டில் வேலை செய்து நான் கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

மெயின் குழாய் என்பது எது? அதற்கு ஏன் தனியாகக் கம்பி?

மரத்தில் துளை போட்டுச் செருகுவது ஸ்பவுட். அதிலிருந்து ஒரு சிறு குழாய் கீழே தொங்கும். அது கிளைக் குழாயில் சேரும். கிளைக் குழாய் 5/16 அங்குலம் அல்லது 3/16 அங்குலம் விட்டம் உள்ளது. பல கிளைக் குழாய்கள் வந்து சேர்வது மெயின் குழாயில். சிறு தோப்பில் அது முக்கால் அங்குலம் இருக்கும், பெரிய தோப்பில் ஒன்றரை அங்குலம் வரை போகும். அதுதான் காட்டிலிருந்து தொட்டிக்கோ பம்ப் வீட்டுக்கோ சாற்றைக் கொண்டுவருகிறது.

கொண்டுவர வேண்டிய அளவும் கொஞ்சநஞ்சமில்லை. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் பார்த்தவர்கள் மேப்பிள் சாற்றைச் சுவைத்தால் வெறும் தண்ணீர் என்பார்கள். சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் சிரப் வேண்டுமென்றால் சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்ச வேண்டும்.

கிளைக் குழாய் மெல்லியது. அதை மரத்துக்கு மரம் வளைத்து இழுத்தாலே விறைப்பாக நிற்கும். மெயின் குழாய் அப்படி நிற்காது. பாலிஎதிலீன் குழாய் தன் எடைக்கே தொய்யும், சாறும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் முதலில் ஒரு விறைப்பான எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு, அதன் மேல்தான் குழாயின் பாரத்தை ஏற்றுகிறோம்.

குழாய் வழியாகச் சாறு இறக்கும் யோசனை பழையது. நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் புரோவர் என்பவர் 1916-இல் உலோகக் குழாய் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிளாஸ்டிக் குழாய் முறைக்கு வெர்மான்ட்டில் நெல்சன் கிரிக்ஸ் 1959-இல் வாங்கினார். இன்று கியூபெக், ஒன்டாரியோ, வெர்மான்ட் எங்கே போனாலும் பெரிய தோப்புகள் பிளாஸ்டிக் குழாயில்தான் ஓடுகின்றன.

கொஞ்சம் தொய்ந்தால் என்ன? சாறு எப்படியும் கீழே ஓடத்தானே செய்யும்?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒரு அங்குல மெயின் குழாய் நிறையச் சாறு இருந்தால், குழாயின் எடையும் சேர்த்து மீட்டருக்கு ஏறக்குறைய 700 கிராம். கம்பி 100 கிலோ இழுவிசையில் இருக்கிறது, 10 மீட்டருக்கு ஒரு தாங்கல் இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் சுமார் 9 சென்டிமீட்டர் தொய்யும். குழாயின் சரிவு 2 சதவீதம் என்றால் அந்த 10 மீட்டரில் மொத்தமே 20 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. '20 இறங்கும்போது 9 தொய்ந்தால் பரவாயில்லையே' என்று தோன்றும். ஆனால் வளைந்த குழாயின் கீழ்க்கோடியைப் பாருங்கள். கடைசி 2 மீட்டரில் அது இறங்கவில்லை, ஒன்றரை சென்டிமீட்டர் மேலே ஏறுகிறது. குழாயின் உள்விட்டமே இரண்டரை சென்டிமீட்டர்தான். அதில் பாதிக்கு மேல் அங்கே சாறு தேங்கி நிற்கும்.

அதே குழாய்க்கு 5 மீட்டருக்கு ஒரு தாங்கல் கொடுங்கள். தொய்வு 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். எங்கேயும் மேலே ஏறாது. தாங்கல் இடைவெளி பாதியானால் தொய்வு காலாகக் குறைகிறது, அதுதான் காரணம். இழுவிசையை இரண்டு மடங்காக்கினால் தொய்வு பாதியாகத்தான் குறையும். ஆகவே கம்பியை மேலும் மேலும் முறுக்குவதைவிட, நடுவில் இன்னொரு பக்க இழுப்பு (பக்கத்து மரத்திலிருந்து தாங்கிப் பிடிக்கும் குறுங்கம்பி) கொடுப்பது எப்போதும் புத்திசாலித்தனம்.

தேங்கினால் என்ன ஆகும்? இரவில் அந்தப் பள்ளத்தில் நிற்கும் சாறு உறைந்து கட்டையாகிறது. குழாய் வெடிக்காது, பாலிஎதிலீன் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். ஆனால் காலையில் வெயில் வந்து மரங்கள் எல்லாம் சாறு விடத் தொடங்கிய பிறகும் அந்தப் பனிக்கட்டை உருகாது. குழாயின் மற்ற பகுதி காலியாக இருப்பதால் சீக்கிரம் சூடாகும், இது மட்டும் மதியம் வரை அடைத்துக்கொண்டு கிடக்கும். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிச் சாற்றை இழுக்கும் வேக்குவம் பம்ப் வைத்திருந்தால் இழப்பு இன்னும் பெரியது. சாறு குழாயின் அடியில் ஓட வேண்டும், காற்று அதற்கு மேலே போக வேண்டும். ஒரு பள்ளம் முழுக்க நிரம்பி நின்றால் அதற்கு மேல்பக்கம் இருக்கும் எல்லா மரங்களுக்கும் இழுப்பு குறைகிறது. பருவத்தின் பிற்பகுதியில், பகல் கதகதப்பாகும்போது, தேங்கிய சாற்றில் கிருமி பெருகி, வருகிற நல்ல சாற்றையும் சேர்த்துக் கெடுக்கும். அப்புறம் சிரப் கறுக்கும்.

ஒரு மார்ச் காலை ஞாபகம் இருக்கிறது. மணி பத்தரை, நல்ல வெயில், பக்கத்துக் குழாயில் சாறு ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால் எங்கள் மேற்குக் குழாயில் ஒரு சொட்டு இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயைத் தடவிக்கொண்டே மேலே நடந்தேன். ஓரிடத்தில் குழாய் சட்டென்று கல்லாகியது. விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. ஒரு முழ நீளம்தான் அடைப்பு. அதற்கு மேலே நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள் காத்துக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் இரண்டு கட்டுகள் அறுந்து குழாய் தொங்கியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

எந்தக் கம்பி வாங்க வேண்டும்?

வேலிக்குப் பயன்படுத்தும் ஹை டென்சைல் (அதிக இழுப்பைத் தாங்கும்) எஃகுக் கம்பி, துத்தநாகப் பூச்சு கனமாக உள்ளது. 12.5 கேஜ் என்றால் தடிமன் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். 14 கேஜ் என்றால் சுமார் 2 மில்லிமீட்டர். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பதை மறக்க வேண்டாம். நீளமான, தடித்த குழாய்க்கு 12.5. குட்டையான முக்கால் அங்குலக் குழாய்க்கு 14 போதும்.

சாதாரண மென்கம்பி மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். அது இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும். இன்று விறைப்பாக இருப்பது அடுத்த மாதம் தொங்கும்.

ஹை டென்சைல் கம்பிச் சுருளின் கட்டை அவிழ்க்கும்போது ஜாக்கிரதை. சுருள் வில்லைப் போலத் துள்ளி விரியும், நுனி முகத்தில் அடிக்கும். சுழலும் தாங்கியில் வைத்துத்தான் அவிழ்க்க வேண்டும். வெட்டும்போது இரண்டு நுனியையும் யாராவது பிடித்திருக்க வேண்டும். கண்ணாடியும் தடித்த கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

கீழிருந்து மேலே. முதலில் தொட்டி இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போங்கள். சரிவு குறைந்தது 2 சதவீதம் இருக்க வேண்டும், அதாவது 100 அடிக்கு 2 அடி. நிலம் விட்டுக்கொடுத்தால் 3, 4 சதவீதம் இன்னும் நல்லது. கண்ணை நம்பாதீர்கள். மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே நிற்கும்போது கண் நம்மை நன்றாக ஏமாற்றும். சரிவுமானி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயே போதும்.

நூல் சரியாக வந்த பிறகு அதே பாதையில் கம்பி. கம்பியை இறுக்கி, பக்க இழுப்புகள் கொடுத்து, மறுபடி சரிவு பார்த்து, எல்லாம் நேரான பிறகுதான் குழாய்ச் சுருளை அவிழ்க்க வேண்டும். கம்பி கோணலாக இருக்கும்போதே குழாயைக் கட்டிவிட்டு 'அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் அதிகம். சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு கட்டையும் பிரித்துத் திரும்பக் கட்டுவதுதான் வழி.

குழாயை அவிழ்த்ததும் மேல்நுனியைக் கம்பியோடோ கடைசி மரத்தோடோ உறுதியாகப் பிணையுங்கள். குழாய்ப் பிடிப்பான் ஒன்றைக் கீழ்நுனியில் மாட்டி, நேராகும் அளவுக்கு இழுங்கள். அதன் பிறகு மேலிருந்து கீழாகக் கட்டிக்கொண்டே வரலாம்.

கடைசி மரத்தில் கம்பியை எப்படிச் சுற்றுவது? மரம் கெட்டுப்போகாதா?

நேராகச் சுற்றி இறுக்கினால் கெட்டுப்போகும். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது. கம்பி அதை அறுத்துவிட்டால் அந்தப் பக்கம் செத்துவிடும். மரம் தடிக்கத் தடிக்கக் கம்பி உள்ளே புதைந்துபோவதும் உண்டு. பின்னாளில் யாராவது அந்த மரத்தை அறுக்கும்போது சங்கிலி ரம்பம் புதைந்த கம்பியில் மோதினால் ஆபத்து.

கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே மரத்துண்டுகளை நிற்க வையுங்கள், ஒரு சாண் நீளத்தில், சுற்றிலும் இடைவெளி விட்டு. அல்லது பழைய குழாய்த் துண்டுக்குள் கம்பியை நுழைத்து அதைச் சுற்றுங்கள். வளையத்தைத் தளர்வாக விடுங்கள். மரம் வளர இடம் வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை அவிழ்த்து இடம் மாற்றுங்கள். கடைசி மரம் தடித்ததாக, திடமாக இருக்க வேண்டும். மெல்லிய மரம் வளைந்து கொடுத்தால் கம்பியும் தளர்ந்துவிடும்.

இறுக்குவதற்கு வேலிக்காரர்கள் வைக்கும் ராட்செட் (பற்சக்கர) இறுக்கியைக் கம்பியின் ஒரு முனையில் நிரந்தரமாகச் சேர்த்துவிடுவது நல்லது. ஒவ்வொரு வருடமும் திருகிச் சரிசெய்யலாம்.

பக்க இழுப்பு என்றால் என்ன?

மின்கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்டுவார்களே, ஏறக்குறைய அதே வேலை. மெயின் கம்பி மரங்களைத் தொடாமல் நடுவில் போக, அங்கங்கே இரண்டு பக்கமும் இருக்கும் மரங்களிலிருந்து குறுங்கம்பிகள் அதைப் பக்கவாட்டிலும் சற்று மேலேயும் இழுத்துப் பிடிக்கும். ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிக் கொடுத்தால் கம்பி தானாகவே விறைக்கும். முன்னே சொன்ன தொய்வுக் கணக்கில் தாங்கல் என்று சொன்னது இவற்றைத்தான்.

மெயின் கம்பியை மரத்தின் மேல் உரசியபடி விடாதீர்கள். காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் குழாய் தேயும்.

குழாயைக் கம்பியோடு கட்ட எது நல்லது?

கட்டடத்தில் கம்பி கட்டுபவர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பிதான். இங்கே அது இரண்டு நுனியிலும் காது வைத்துத் தயாராக வெட்டிய துண்டுகளாகக் கிடைக்கிறது, குழாயின் தடிமனுக்கு ஏற்ற நீளங்களில். கூடவே ஒரு முறுக்குக் கொக்கி. அதன் பிடியை இழுத்தால் கொக்கி தானாகச் சுழலும்.

ஓர் அடிக்கு ஒரு கட்டு. அதிகம் போனால் ஒன்றரை அடிக்கு ஒன்று. இணைப்புகளுக்கு இரண்டு பக்கமும் நெருக்கமாக ஒவ்வொன்று கூடுதலாக. 100 மீட்டர் குழாய்க்கு ஏறக்குறைய 330 கட்டு வரும். எண்ணிக்கையைக் கேட்டதும் பலர் இரண்டடி, மூன்றடி என்று தள்ளிப்போடுகிறார்கள். முதல் குளிர்காலம் தாங்கும். அடுத்த கோடையில் குழாய் ஒவ்வொரு இடைவெளியிலும் பை போலத் தொங்கும்.

சரியாகக் கட்டுவது எப்படி? எனக்கு ஒவ்வொன்றும் தளர்ந்துபோகிறதே?

குழாய் கம்பிக்குக் கீழே தொங்க வேண்டும், கம்பியை ஒட்டியபடி. இடக்கையால் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். கட்டுக்கம்பியைக் குழாயின் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, இரண்டு காதுகளையும் கம்பிக்கு மேலே ஒன்றாகச் சேருங்கள். காதுகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தால் முறுக்கு ஒருபக்கம் ஏறி, ஒரு கம்பி நேராக நின்று மற்றது மட்டும் அதைச் சுற்றிக்கொள்ளும். தளர்ந்துபோகும் கட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

கொக்கியை இரண்டு காதிலும் மாட்டி, முதலில் மேலே இழுத்துத் தளர்வை எடுங்கள். இழுத்த பிடியை விடாமல் முறுக்குங்கள். இரண்டு முறுக்கிலேயே குழாய் கம்பியோடு சேர்ந்துவிடும். மூன்றாவதில் கை உணரும், கொஞ்சம் கெட்டியாகும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ஒன்று கட்டுக்கம்பி அறுந்து கையில் வரும், இல்லையென்றால் குழாயில் பள்ளம் விழும். விரலால் குழாயை நீளவாக்கில் நகர்த்திப் பாருங்கள். லேசாகத் தள்ளினால் நகரக் கூடாது, பலமாகத் தள்ளினால் நகர வேண்டும். அந்தப் பக்குவம் ஐம்பது கட்டுக்குள் கைக்கு வந்துவிடும்.

முடிந்ததும் முறுக்கின் நுனியைக் கம்பியோடு மடக்கி, குழாயின் பக்கம் திரும்பாமல் படியவிடுங்கள். மார்ச் மாதம் வேக்குவம் கசிவு தேடி வெறுங்கையால் குழாயைத் தடவிப் போகும்போது அதன் அருமை தெரியும்.

பிளாஸ்டிக் டை போட்டால் சீக்கிரம் முடியுமே?

முடியும். அடுத்த வருடம் மறுபடி முடிக்க வேண்டியிருக்கும். வெயிலில் நைந்து, கடுங்குளிரில் நொறுங்கும். கருப்பு டை கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். அறுந்த துண்டுகள் காடு முழுக்கச் சிதறும், யாரும் பொறுக்குவதில்லை. தற்காலிகமாக ஓரிடத்தைப் பிடித்துவைக்க மட்டும் பையில் சிலவற்றை வைத்திருக்கிறேன்.

கோடையில் நேராகக் கட்டிய குழாய் ஜனவரியில் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஏன்?

எனக்கும் நடந்தது. ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில், கருப்புக் குழாய் கையில் சூடாக இருந்தது. மென்மையாக இருந்ததால் வளைத்துக் கட்டச் சுகமாகவும் இருந்தது. இரண்டு நுனியையும் இறுக்கமாகப் பிணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஜனவரியில் போய்ப் பார்த்தால், கீழ் இணைப்பின் முள்ளிலிருந்து குழாய் கழன்று, நுனிக்கும் இணைப்புக்கும் நடுவே என் உள்ளங்கை போகும் அளவு இடைவெளி. கவ்வி இருந்த இடத்தில் குழாயில் கீறல் கோடுகள் மட்டும் தெரிந்தன.

பாலிஎதிலீன் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை நீளும், சுருங்கும். எஃகு 0.012 மில்லிமீட்டர்தான். வெயிலில் 35 டிகிரியில் இருந்த குழாய், மைனஸ் 25-க்குப் போகிறது என்று வையுங்கள். 60 டிகிரி வித்தியாசம். 100 மீட்டர் குழாய் சுமார் ஒரு மீட்டர் சுருங்கப் பார்க்கும். அதைத் தாங்கும் கம்பி 7 சென்டிமீட்டர்தான் சுருங்கும். ஒன்றோடொன்று கட்டிய இரண்டு பொருள்கள், ஒன்று இன்னொன்றைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் அசைகிறது. மெயின் குழாய் வேலையில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது.

கட்டுகள் தளர்வாக இருந்தால் அந்தச் சுருக்கத்தின் இழுப்பு முழுவதும் நுனிகளில் போய் விழும். இணைப்பு கழன்று வருவதற்கு அதுவே போதும். ஓர் அடிக்கு ஒன்றாகக் கச்சிதமாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு கட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இழுப்பைக் கம்பிக்கு மாற்றிவிடும். இணைப்புக்கு வந்து சேர்வது சொற்பம். நெருக்கமாகக் கட்டச் சொல்வதற்குத் தொய்வு பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

அப்படியென்றால் எப்போது கட்டுவது?

அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். இலை உதிர்ந்திருக்கும், கண்ணுக்குக் கோடு நன்றாகத் தெரியும். மேகமூட்டமான, 5 டிகிரியை ஒட்டிய நாள் கிடைத்தால் அதுதான் சிறந்தது. சாறு ஓடும் நாட்களும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே நீங்கள் எந்த நீளத்தில் கட்டினீர்களோ கிட்டத்தட்ட அதே நீளத்தில் குழாய் வேலை செய்யும். கோடையில் கட்டுகளுக்கு நடுவே லேசாக நெளியும். பார்க்க அசிங்கமாக இருக்கும், கவலைப்பட வேண்டாம். குளிர் வந்ததும் நேராகிவிடும்.

கோடையில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் கம்பி இழுக்கும் வேலையை மட்டும் அப்போது முடித்துவையுங்கள். ஆனால் கம்பியும் குளிரில் விறைக்கும். இரண்டு முனையும் அசையாமல் இருந்தால் 12.5 கேஜ் கம்பியில் 60 டிகிரி இறக்கத்துக்கு 70 கிலோ வரை இழுவிசை கூடும். நல்ல கம்பி சுமார் 600 கிலோ வரை தாங்கும், அறுந்துவிடாது. அந்தப் பாரம் கடைசி மரத்தின் மேலும் விழுகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கருப்புக் குழாயா, நீலக் குழாயா?

கருப்பு காலையில் சீக்கிரம் சூடாகி, உள்ளே உறைந்ததை உருக்கும். ஏப்ரலில் அதே சூடு சாற்றைக் கெடுக்கும், குழாயும் அதிகமாக நெளியும். நீலம் அந்த அளவுக்குச் சூடாகாது. நிழல் அதிகமுள்ள வடக்குச் சரிவில் கருப்பும், வெயில் படும் இடத்தில் நீலமும் எங்களுக்கு ஒத்துவந்தன.

கிளைக் குழாயை மெயினில் சேர்க்கும் இடத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

கிளைக் குழாய் விறைப்பாக இழுபட்டு நிற்கிறது. அந்த இழுப்பு மெயின் குழாயின் மேல் பொருத்திய சேணத்தில் (கிளைக் குழாயை மெயினோடு சேர்க்கும் இணைப்புத் துண்டில்) விழவே கூடாது, கம்பியில்தான் விழ வேண்டும். கிளைக் குழாயின் நுனியில் ஒரு கொக்கி மாட்டி அதைக் கம்பியில் கோத்துவிட்டு, அங்கிருந்து ஒரு சிறு துண்டு தளர்வாக வளைந்து வந்து சேணத்தில் சேரட்டும். சேணம் மெயின் குழாயின் மேல்பக்கம் இருக்க வேண்டும். கொக்கிக்கு அருகில் ஒரு கட்டு கூடுதலாகப் போடுங்கள், கிளைக் குழாய் இழுக்கும் பக்கம் மெயின் குழாய் திரும்பாமல் இருக்கும்.

ஈரக் குழாய், உலர் குழாய் என்று இரண்டு போகிறதே, ஒரே கம்பியில் கட்டலாமா?

பெரிய தோப்பில் சாறுக்கு ஒன்றும், வேக்குவத்துக்கு மட்டும் ஒன்றும் போகும். உலர் குழாய் மேலே, ஈரக் குழாய் கீழே. தனித்தனிக் கம்பிதான் நல்லது. பாரமும் பிரியும், ஒன்றைச் சரிசெய்ய மற்றதை அவிழ்க்க வேண்டியதில்லை.

கட்டு ஒவ்வொன்றாகப் போடாமல் இயந்திரத்தால் சுற்றிக்கொண்டே போக முடியுமா?

தொலைபேசிக் கேபிளைக் கம்பியோடு சுற்றுவார்களே, அதே மாதிரி இயந்திரம் உண்டு. குழாயையும் கம்பியையும் சேர்த்து ஒரே மெல்லிய கம்பியால் நீளச் சுற்றிக்கொண்டு போகும். ஆயிரக்கணக்கான மீட்டர் போடுபவர்களுக்கு வேகம் முக்கியம். ஓரிடத்தில் அறுந்தால் அந்தச் சுற்று இரண்டு பக்கமும் தளரும் என்பது அதன் பலவீனம். சிறு தோப்புக்குக் கைக்கட்டே போதும்.

கிளை விழுந்து கம்பியை அழுத்திக்கொண்டிருக்கிறது. அறுத்து எடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். விழுந்த கிளையின் பாரத்தில் கம்பி வில் நாண் போல இழுபட்டிருக்கிறது. கிளையை அறுத்த அந்த நொடியில் கம்பி மேலே பாயும், கிளைத் துண்டையும் ரம்பத்தையும் சேர்த்துத் தூக்கி எறியும். முதலில் கடைசி மரத்துக்குப் போய் இறுக்கியைத் தளர்த்துங்கள். அதன் பிறகு பக்கவாட்டில் நின்று, நுனியிலிருந்து சிறு சிறு துண்டாக அறுத்துப் பாரத்தைக் குறையுங்கள். கம்பிக்கு நேர் மேலே குனிந்து நிற்கவே கூடாது.

1998 ஜனவரியில் கியூபெக், கிழக்கு ஒன்டாரியோ, வெர்மான்ட், நியூயார்க்கின் வடபகுதி, மெய்ன் எல்லாம் விழுந்ததும் உறையும் பனிமழையில் மூழ்கியபோது மேப்பிள் தோப்புகளில் கிளைகள் காடுகாடாக முறிந்து குழாய்களின் மேல் விழுந்தன. இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்றும் அதைச் சொல்லித்தான் புதியவர்களுக்கு எச்சரிக்கை செய்கிறார்கள்.

ஒவ்வொரு வருடமும் என்ன பார்க்க வேண்டும்?

மரத்தில் துளை போடுவதற்கு முன், ஜனவரி கடைசியில், முழுக் கோட்டையும் ஒருமுறை நடந்து பாருங்கள். பையில் கட்டுக்கம்பி ஒரு கட்டு, கொக்கி, சில கவ்விகள். முதலில் இறுக்கியைப் பாருங்கள். கம்பியை உள்ளங்கையால் அழுத்தி, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு பல் திருகுங்கள். பிறகு ஒவ்வொரு பக்க இழுப்பிலும் நின்று, கீழே குனிந்து குழாயின் அடிக்கோட்டை நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். தொய்வு மேலிருந்து பார்த்தால் தெரியாது, அடிக்கோட்டில் பார்த்தால் உடனே தெரியும். அறுந்த கட்டுக்குப் பதில் அங்கேயே புதியது போடுங்கள், 'திரும்பி வரும்போது' என்று விடாதீர்கள். அணில் கடித்த இடங்களை நாடாவால் அடையாளம் வையுங்கள். மரங்களைச் சுற்றிய வளையங்கள் பட்டையில் பதிந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

பருவம் தொடங்கிய பிறகு இன்னொரு நடை. முதல் நல்ல ஓட்டத்தன்று காலை, குழாய் உருகும் நேரத்தில் போங்கள். எந்த இடம் கடைசியாக உருகுகிறதோ அங்கே ஒரு துணியைக் கட்டிவிட்டு வாருங்கள். நவம்பரில் பக்க இழுப்பு கொடுக்க வேண்டிய இடம் அதுதான்.